நிறுத்திய மோட்டாருக்கும் கூலி உண்டு

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "நீ என்ன வேலை பாக்குறேன்னு பேசு. ஆனா பசங்களுக்குப் புரியிற மாதிரி பேசு" என்றார். இரண்டையும் சேர்த்துச் செய்வது கொஞ்சம் கஷ்டம். மின்சாரத்தை மொத்த விலைக்கு வாங்கி விற்கும் மேசையில் நான் வேலை பார்க்கிறேன். இதை என் அப்பாவுக்குப் புரியவைக்கவே எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது. அதனால் அப்பாவுக்கு எப்படிச் சொன்னேனோ அப்படியே உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

அப்பா கோவளத்துப் பக்கம் ஒரு ஐஸ் பேக்டரியில் கம்ப்ரசர் ஆபரேட்டர். உப்புத் தண்ணீர் நிறைந்த பெரிய தொட்டியைக் குளிரவைத்து, அதற்குள் தகர கேன்களில் நல்ல தண்ணீரை ஊற்றி இறக்கினால், மறுநாள் அது 50 கிலோ ஐஸ் பாராக வெளியே வரும். விடியற்காலையில் போட் வரும்போது ஐஸ் தயாராக இருக்க வேண்டும். தொழில் அவ்வளவுதான்.

2012 தொடக்கத்தில் நான் இங்கே கடைசி செமஸ்டர். அந்த வருஷம் இங்கே படித்தவர்களுக்கு நினைவிருக்கும். ஆஸ்டலில் பேன் சுற்றிய நேரத்தைவிட நின்ற நேரம்தான் மனதில் நிற்கிறது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் 'பவர் சிஸ்டம் அனாலிசிஸ்' படித்தோம். சிரித்துக்கொண்டேதான் படித்தோம். அப்பாவுக்கு அது சிரிப்பாக இல்லை. கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்றே தெரியாது. பாதி உறைந்த ஐஸ் பாரை யாரும் வாங்க மாட்டார்கள். பேக்டரியில் ஒரு ஷிப்டை எடுத்துவிட்டார்கள். மூன்று மாதம் அப்பாவுக்குப் பாதிச் சம்பளம். என் தேர்வுக் கட்டணம் கடைசி நாளில், அபராதத்தோடுதான் கட்டப்பட்டது.

இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. இன்று நான் பேசவந்த விஷயமே அதற்குள்தான் இருக்கிறது.

அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் நடந்ததைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 2008 நவம்பரில் தொடங்கி 2015 ஜூன் வரை உயரழுத்த மின் இணைப்பு உள்ள தொழிற்சாலைகளுக்குக் கட்டுப்பாடு இருந்தது. 40 சதவீதம் வரை வெட்டு. மாலை உச்ச நேரத்தில் இன்னும் கடுமை. 90 சதவீதம் நிறுத்தியாக வேண்டும். வீடுகளுக்கும் சிறு தொழில்களுக்கும் பீடர் பீடராக மின்வெட்டு. மின்சாரம் வேறு மாநிலத்தில் இருந்தாலும் கொண்டுவரப் போதிய பாதை இல்லை. தென் மாநிலங்களின் மின்தொகுப்பு, 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்-சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாகத்தான் வட பகுதித் தொகுப்போடு ஒரே அதிர்வெண்ணில் இணைந்தது.

ஒரு பொறியாளர் கண்ணோடு பார்த்தால், மின்வெட்டு என்பது என்ன? உற்பத்தி குறைவு, தேவை அதிகம். தேவையைக் குறைத்துச் சமன் செய்கிறோம். இன்று புத்தகங்களில் 'டிமாண்ட் ரெஸ்பான்ஸ்' என்று அழகாக எழுதுகிறார்களே, அதுவும் தேவையைக் குறைத்துச் சமன் செய்வதுதான். சமன்பாடு ஒன்றே. அப்படியானால் வித்தியாசம் எங்கே?

வித்தியாசம் மூன்று இடத்தில். முதலில் கேட்கிறார்களா? இரண்டாவது, விலை கொடுக்கிறார்களா? மூன்றாவது, "இன்னைக்கு முடியாது" என்று சொல்ல நமக்கு வழி இருக்கிறதா? இந்த மூன்றும் இருந்தால் அது சந்தை. இல்லாவிட்டால் மின்வெட்டு. நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் விளக்கம்.

சரி, சந்தை எப்படி நடக்கிறது? 2003-ஆம் வருஷத்து மின்சாரச் சட்டம் கதவைத் திறந்தது. 2008-இல் இந்தியாவில் மின்சார எக்ஸ்சேஞ்ச்கள் தொடங்கின. ஒரு நாளை 15 நிமிஷத் துண்டுகளாக வெட்டினால் 96 துண்டு. நாளைய 96 துண்டுக்கும் இன்றைக்கு ஏலம். விற்பவர் "இந்த விலைக்குக் குறைந்து தரமாட்டேன்" என்று எழுதுவார். வாங்குபவர் "இந்த விலைக்கு மேல் வாங்கமாட்டேன்" என்று எழுதுவார். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் ஒரே விலை. 2020 ஜூன் 1 முதல் உடனடிச் சந்தையும் வந்தது. அதில் அரை மணிக்கு ஒரு ஏலம். விலை எல்லை மீறிப் போகாமல் இருக்க, யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2023-இல் உச்சவரம்பு வைத்தது.

என் மேசையில் உட்கார்ந்து பார்த்தால் விலை ஒரு நாளுக்குள் ஏறி இறங்குவது தெரியும். தமிழ்நாட்டில் சூரிய மின் நிலையங்களின் திறன் 2025-க்குள் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. 2024 மே 2 அன்று மாநிலத்தின் தேவை 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. வெயில் இருக்கும்வரை சமாளித்துவிடலாம். சங்கடம் வெயில் சாய்ந்த பிறகு. ஆபீஸ் விட்டு வீட்டுக்கு வந்து எல்லோரும் ஏசி போடும் நேரத்தில் சூரியன் டூட்டி முடித்துப் போய்விடுகிறான். மதியம் யூனிட் 2 ரூபாய்க்கும் கீழே இறங்கிய அதே நாளில், ராத்திரி உச்சவரம்பான 10 ரூபாயில் போய் முட்டுவது உண்டு.

இதைச் சொன்னதும் அப்பா கேட்டார்: "மதியானம் மலிவா இருக்கிறப்ப வாங்கி வெச்சுக்கிட்டு, ராத்திரி விக்க வேண்டியதுதானே?"

அதுதான் சேமிப்பு. நம் கேளம்பாக்கத்து உப்பளம் செய்வதும் அதுதானே! வெயில் காலத்து உழைப்பைக் குவித்து வைத்து, மழைக்காலத்தில் நல்ல விலைக்கு விற்கிறார்கள். மின்சாரத்திலும் இது நமக்குப் புதிது இல்லை. ஆனைமலைப் பகுதியில் காடம்பாறை நிலையம் இருக்கிறது. 100 மெகாவாட் இயந்திரங்கள் நான்கு. 1987-க்கும் 1989-க்கும் இடையே ஓடத் தொடங்கியவை. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழே மேல் ஆழியாறு நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீரை மேலே ஏற்றுவது, தேவைப்படும் நேரத்தில் கீழே விட்டு மின்சாரம் எடுப்பது. நான் பிறந்த காலத்திலேயே தமிழ்நாட்டிடம் 400 மெகாவாட் தண்ணீர் பேட்டரி இருந்தது என்பதைத் தம்பிகள் குறித்துக்கொள்ளுங்கள். நீலகிரி குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு எடுத்த திட்டமும் இதே வகைதான்.

இப்போது ரசாயன பேட்டரி மலிவாகி வருகிறது. 2017-இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ஹார்ன்ஸ்டேல் என்ற இடத்தில் 100 மெகாவாட் பேட்டரி வைத்தபோது உலகமே வேடிக்கை பார்த்தது. 2024-இல் கலிபோர்னியா மாநிலத்தில் மட்டும் பேட்டரிகள் 10,000 மெகாவாட்டைத் தாண்டின. நம் நாட்டிலும் சத்தீஸ்கர் ராஜ்நந்த்காவில் சூரிய மின் நிலையத்தோடு 40 மெகாவாட் பேட்டரி 2024-இல் ஓடத் தொடங்கியது.

கணக்கு எளிது. 100 யூனிட்டை 2 ரூபாய்க்கு வாங்கினால் 200 ரூபாய். பேட்டரியில் 15 யூனிட் நஷ்டமாகி 85 திரும்பி வரும் என்று வையுங்கள். அதை 9 ரூபாய்க்கு விற்றால் 765 ரூபாய். "அடேங்கப்பா!" என்பீர்கள். இதில் இரண்டு சிக்கல் இருக்கிறது.

ஒன்று, ஏலத்தின் அமைப்பு. அனல் நிலையம் விற்கும், தொழிற்சாலை வாங்கும். பேட்டரியோ ஒரே நாளில் வாங்கவும் செய்யும், விற்கவும் செய்யும். மதியம் வாங்கும் ஏலம் கிடைக்காமல், ராத்திரி விற்கும் ஏலம் மட்டும் கிடைத்துவிட்டால்? காலி பேட்டரியை வைத்துக்கொண்டு விற்பேன் என்று வாக்குக் கொடுத்தவன் கதி என்ன? அமெரிக்காவின் மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2018-இல் 841 என்ற எண்ணுள்ள உத்தரவு போட்டது. பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்பதைக் கணக்கில் எடுக்கும்படி சந்தை விதிகளை மாற்றுங்கள், 100 கிலோவாட் அளவு சிறியதையும் உள்ளே விடுங்கள் என்று அது சொன்னது. இந்தியாவில் 2022 டிசம்பரில் வந்த மின்சாரத் திருத்த விதிகள், சேமிப்பு நிலையம் உற்பத்தியோடும் இருக்கலாம், மின்பாதையோடும் இருக்கலாம், விநியோகத்தோடும் இருக்கலாம், தனியாகவும் நிற்கலாம் என்று அதற்கு ஓர் இடம் கொடுத்தன.

இரண்டாவது சிக்கல், விலை வித்தியாசத்தில் பிழைப்பவன் அந்த வித்தியாசத்தைத் தானே தின்றுவிடுகிறான். எல்லோரும் மதியம் வாங்கினால் மதிய விலை ஏறும். எல்லோரும் ராத்திரி விற்றால் ராத்திரி விலை இறங்கும். ஊருக்கு நல்லது; முதல் போட்டவனுக்கு இடி. அதனால்தான் பேட்டரிக்கு ஒரே வருமானம் போதாது. 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணைக் காப்பாற்ற நொடிக்கணக்கில் உதவுவதற்கும் கூலி வேண்டும். மத்திய ஆணையத்தின் 2022-ஆம் வருஷத்துத் துணைச்சேவை விதிமுறைகள் அந்த வழியைத் திறந்தன. மின் நிலையம் மட்டுமல்ல. சேமிப்பு வைத்திருப்பவரும், தேவையைக் குறைக்கக்கூடியவரும் அந்தச் சேவையைத் தரலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. ஒருவர் தனியாகவும் தரலாம், பலர் சேர்ந்தும் தரலாம்.

இதை அப்பாவிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது எனக்கே ஒன்று உறைத்தது. பேட்டரி, பேட்டரி என்கிறேனே, அப்பா 30 வருஷமாகக் காவல் காத்த உப்புநீர்த் தொட்டி என்ன? அதுவும் சேமிப்புதான். அதில் மின்சாரத்தை ஊற்றினால் திரும்ப மின்சாரமாக வராது. ஆனால் ராத்திரி வாங்க வேண்டிய மின்சாரத்தை மதியமே வாங்கிக் குளிராக வைத்துக்கொள்ளலாம்.

முதலாளியிடம் அனுமதி கேட்டு ஒரு மாதம் சோதனை செய்தோம். கம்ப்ரசர் ஏறத்தாழ 60 கிலோவாட். மாலை 6 மணிக்கு நிறுத்தி 10 மணிக்கு ஓட்டினால் 240 யூனிட் நகரும். மதியம் வெயிலில் கொஞ்சம் கூடுதலாகக் குளிரவைத்து அதை ஈடு கட்ட வேண்டும். அப்பா நோட்டில் மணிக்கு மணி மீட்டரையும் தொட்டி வெப்பத்தையும் எழுதினார். 30 நாளில் 22 நாள் நிறுத்த முடிந்தது. 8 நாள் முடியவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"அன்னைக்கெல்லாம் பாடு அதிகம்டா. விடிகாலையில ஐஸ் இல்லேன்னா மீன் அழுகும். நீ குடுக்கிற நாலு காசு மீனுக்கு ஈடாகுமா?"

சரியான பதில். எட்டு நாள் "முடியாது" என்று அவர் சொல்ல முடிந்ததால்தான் மீதி 22 நாள் மனசு ஒப்பி நிறுத்தினார். 2012-இல் அந்த எட்டு நாளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்கு இல்லை.

இப்போது காசுக் கணக்குக்கு வருவோம். அந்த 240 யூனிட்டை ராத்திரி 10 ரூபாய்க்கு வாங்காமல் மதியம் 2 ரூபாய்க்கு வாங்கினால், ஒரு நாளைக்கு 1,920 ரூபாய் மிச்சம். இந்த மிச்சம் யாருக்கு? சாதாரணக் கட்டணத்தில் இருக்கும் ஐஸ் பேக்டரிக்குச் சந்தை விலை தெரியாது. அதன் பில் அப்படியேதான் வரும். சந்தையில் வாங்கி விநியோகம் செய்பவருக்குத்தான் மிச்சம். கண்விழித்து வால்வு திருப்பியவருக்கு ஒன்றுமில்லை.

பெரிய இணைப்புக்காரர்களுக்கு ஓரளவு வழி உண்டு. உயரழுத்தக் கட்டணத்தில் உச்ச நேரத்துக்குக் கூடுதல், இரவு 10 மணிக்கு மேல் 5 சதவீதச் சலுகை என்று நம் மாநிலத்தில் ஏற்கெனவே பழக்கம். பகல் சூரிய நேரத்தில் கட்டணத்தைக் குறைத்து உச்ச நேரத்தில் கூட்டச் சொல்லி மத்திய அரசும் 2023-இல் விதி கொண்டுவந்தது. சந்தையில் நேரே வாங்கும் ஆலை, "இந்த விலைக்கு மேல் எனக்கு வேண்டாம்" என்று ஏலத்தில் எழுதும்போதே ஒருவகையில் தேவையைக் குறைக்கிறது. ஆனால் 60 கிலோவாட்காரர் அங்கே போய் நிற்க முடியாது. அவரைப் போல 17 பேர் சேர்ந்தால்தான் ஒரு மெகாவாட். அப்படிச் சேர்த்துக் கட்டும் வேலை இனிமேல்தான் ஒரு தொழிலாக வளர வேண்டும்.

ஒருவர் கேட்கலாம்: "மின்சாரம் உபயோகிக்காதவன் ஏற்கெனவே பில்லில் மிச்சம் பிடித்துவிட்டான். அவனுக்கு மேலே கூலி எதற்கு?" நியாயமான கேள்வி. அமெரிக்காவில் இதே கேள்வி நீதிமன்றம் வரை போனது. 2011-இல் அங்கே 745 என்ற உத்தரவு, தகுந்த தருணத்தில் தேவையைக் குறைத்தவருக்கும் உற்பத்தி செய்தவருக்குத் தரும் அதே சந்தை விலையைக் கொடுக்கச் சொன்னது. மின் உற்பத்தியாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவை உறுதி செய்தது. என் பதில் இன்னும் எளிது. அப்பா மிச்சம் பிடிக்கவே இல்லை. நிறுத்திய 240 யூனிட்டையும் வேறு நேரத்தில் காசு கொடுத்துத்தான் எரித்தார். அவர் விற்றது யூனிட்டை அல்ல, நேரத்தை. நேரத்துக்கு விலை கொடுப்பதில் என்ன தப்பு?

ஆனால் அப்பா கேட்ட கடைசிக் கேள்விக்குத்தான் என்னிடம் சட்டென்று பதில் இல்லை. "ஏண்டா, நான் மோட்டாரை நிறுத்துனேன்னு அவங்க எப்படி நம்புவாங்க? எப்பவும் அந்த நேரத்துல நிறுத்தி வெச்சிருக்கிறவன்கூட, உங்களுக்காகத்தான் நிறுத்துனேன்னு காசு கேப்பானே?"

முழு விஷயத்துக்கும் முடிச்சு இதுதான். உற்பத்தியை மீட்டர் காட்டும். உபயோகிக்காததை எந்த மீட்டர் காட்டும்? "வழக்கமாக இவ்வளவு ஓட்டுவார்" என்று ஓர் அடிக்கோடு போட்டு, அதிலிருந்து கழிக்க வேண்டும். அந்த அடிக்கோட்டைத் தூக்கிவிட்டால் காசு கொட்டும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஒரு காகித ஆலை, அடிக்கோடு போடும் நாட்களில் மட்டும் 2007-இல் தன் சொந்த ஜெனரேட்டரைக் குறைத்து வெளியிலிருந்து அதிக மின்சாரம் இழுத்தது. பிறகு வழக்கம்போல ஜெனரேட்டரை ஓட்டிவிட்டு, "தேவையைக் குறைத்தேன்" என்று காசு வாங்கியது. பின்னால் ஆணையம் கண்டுபிடித்து நடவடிக்கை எடுத்தது. கடவுளே வந்து ஏலம் நடத்தினாலும் அளவு பொய்யானால் சந்தை பொய்தான்.

ஆகவே, தம்பி தங்கைகளே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பேட்டரியில் என்ன ரசாயனம் என்பதைப் பற்றி நிறையப் பேர் ஆராய்ச்சி செய்கிறார்கள்; செய்யட்டும். அளவு எடுப்பது, அடிக்கோடு போடுவது, சிறியவர்களைச் சேர்த்துக் கட்டுவது, இந்த மூன்றுக்கும் ஆள் போதாது. அதற்குப் பெரிய லேபரட்டரி வேண்டாம்; இந்தக் கல்லூரி வாசலே போதும். சிறுசேரி சிப்காட்டில் தரவு மையங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் யூ.பி.எஸ். பேட்டரி சும்மா காத்துக் கிடக்கிறது. அதில் எவ்வளவு பங்கை ஆபத்தில்லாமல் வெளியே தரலாம்? தெற்கே நெம்மேலியில் 2013-இல் தொடங்கிய ஒரு நிலையமும் 2024-இல் தொடங்கிய இன்னொன்றுமாகக் கடல்நீரைக் குடிநீராக்குகின்றன. புதியது நாளைக்கு 15 கோடி லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் என்று வைத்தால், ஏறத்தாழ 20 மெகாவாட் நாள் முழுக்க. அந்தச் சவ்வுகளைத் தினமும் நிறுத்தி ஓட்டுவது நல்லதில்லை. ஆனால் மாலை நான்கு மணி நேரம் ஒரு பகுதியைக் குறைத்து, மதியம் தொட்டியில் நிரப்பிய தண்ணீரைக் கொடுக்க முடியுமா? தொட்டி எவ்வளவு பெரிசாக வேண்டும்? யாராவது ஒரு குழு இதைக் கடைசி வருஷப் புராஜெக்டாக எடுங்கள். என்னால் ஆன உதவியைச் செய்கிறேன்.

நண்பர்களே, பற்றாக்குறை ஒருநாளும் முழுசாகத் தீராது. வெயில் சாயும், காற்று நிற்கும், கருவி பழுதாகும். அந்த நேரத்தில் யாராவது ஒருவர் மோட்டாரை நிறுத்தித்தான் ஆக வேண்டும். 2012-இல் அந்த ஒருவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. அவருக்கு விலையும் கிடைக்கவில்லை. அவர் வீட்டுப் பிள்ளை இந்தக் கல்லூரியில் அபராதம் கட்டிப் பரீட்சை எழுதினான். அடுத்த தடவை கேட்டு நிறுத்துவோம், அளந்து நிறுத்துவோம், கூலி கொடுத்து நிறுத்துவோம். அதைச் செய்யும் கருவியும் விதியும் உங்கள் கையால் வரட்டும்.

அப்பாவின் சோதனை நோட்டை இன்று கையோடு கொண்டுவந்திருக்கிறேன். துறை நூலகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போகிறேன். கையெழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும். கணக்கு நேராக இருக்கும்.